வளநாடுகளின் பொருளியலாளர் ஆவதற்கு மட்டக்களப்பிலிருந்து எந்தப் பாதை?

அக்காவின் மகள் வந்தாறுமூலைக் கம்பஸில் பொருளியல் முடித்து, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோடு வீட்டில் இருக்கிறாள். போன மாதம் கல்லடி வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "மாமா, நீங்க செய்யிற வேலைக்கு நானும் வரணும் எண்டா எங்க இருந்து தொடங்கணும்?" நான் வாய் திறக்குமுன் குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது: "முதல்ல அவட வீட்டுக்குக் கூரை போட்டு முடியட்டும்." எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். ஆகவே அவள் கேட்ட கேள்விக்குள் ஒரு கூரையும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குக் கீழே எண்ணெயோ செம்போ வைரமோ இருந்தும் மேலே சனம் ஏழையாக இருக்கிற 'வளநாடுகளின்' நிதி அமைச்சுகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. அரசுக்கு எவ்வளவு வரும், எந்த ஆண்டில் வரும், வந்ததை எதில் போடுவது என்ற மூன்று கேள்விகள்தான். முக்கால்வாசி நேரம் எக்செல் தாளுக்கு முன்னால்தான் கழியும்.

கயானாவை எடுங்கள். 2015 இல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டார்கள். 2016 இல் ஒப்பந்தம். 2019 டிசம்பரில் எண்ணெய் வந்தது. இலாபத்தில் பாதிக்குப் பாதி என்பது ஒப்பந்தம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இலாபத்தைப் பிரிக்குமுன் கம்பெனி தன் செலவை எடுத்துக்கொள்ளலாம், 75 வீதம் வரைக்கும். 100 பீப்பாயில் 75 செலவுக்குப் போனால் மிச்சம் 25. அதில் பாதி பன்னிரண்டரை. அதோடு ரோயல்டி, அதாவது எடுக்கும் எண்ணெய்க்கான உரிமைப் பணம், 2 வீதம். தொடக்க ஆண்டுகளில் அரசின் கைக்கு வருவது பதினான்கரைப் பீப்பாய். செலவு மீண்ட பிறகு பங்கு கூடும் என்பது உண்மை. ஆனால் செலவு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது யார்? கம்பெனிதான். அந்தச் செலவுப் பட்டியலை வரிவரியாகப் பார்த்து "இது ஏன், அது ஏன்" என்று கேட்கத் தெரிந்த ஆளுக்குத்தான் இந்தத் துறையில் விலை. வளம் இருந்தும் நாடு ஏழையாகவே கிடக்கிற 'வளச் சாபத்தை'ப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் ஊரில் இந்தப் பாடத்தைப் பட்டுப் படித்தவர்களும் உண்டு. எழுபதுகளில் எண்ணெய்க் காசு பொங்கியபோது நைஜீரியா வெளிநாட்டு ஆசிரியர்களை அள்ளி எடுத்தது. இலங்கைத் தமிழர் நிறையப் பேர் போனார்கள். களுவாஞ்சிகுடியில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு 'நைஜீரியா மாஸ்டர்' இருந்தார். அவர் போன காலத்தில் ஒரு டொலருக்கு ஒரு நைராகூடக் கொடுக்கத் தேவையில்லை. 1986 இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது, நாணயத்தைச் சந்தைக்கு விட்டார்கள், சில ஆண்டுகளில் டொலருக்கு ஏழு எட்டு நைரா. மாஸ்டர் மேல்வீட்டுக்குக் கம்பி கட்டின நிலையிலேயே திரும்பி வந்தார். அந்தக் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பாடப்புத்தகம் பிறகுதான் வந்தது.

இனிப் பாதைகள். மருமகளுக்கு முன்னால் உண்மையில் இருப்பவை மூன்று. நான்காவதாக ஊரில் எல்லாரும் சொல்கிற ஒன்றும் உண்டு: ஏதாவது ஒரு என்.ஜி.ஓ.வில் திட்ட உத்தியோகத்தராகச் சேர்வது. சுனாமிக்குப் பிறகு இங்கே ஒரு தலைமுறையே அப்படிச் சேர்ந்தது. கூட்டம் நடத்தவும் அறிக்கை எழுதவும் நன்றாகப் பழகலாம். அரசின் வருமானக் கணக்கு அங்கே கண்ணிலும் படாது. இந்தத் துறைக்கு அது வழியல்ல.

முதலாவது, கம்பஸ் வழி. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, சம்பளத்தோடு கற்கை விடுமுறை எடுத்து, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடிப்பது. வீட்டாருக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். 'லெக்சரர்' என்ற சொல்லுக்குக் கலியாணச் சந்தையில் உள்ள மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை. கூரைக்கும் பாதிப்பில்லை. இந்தத் துறைக்கென்றே பெயர்பெற்ற இடங்களும் உண்டு. ஸ்கொட்லாந்தில் டண்டி பல்கலைக்கழகம் 1977 இலிருந்து பெற்றோலிய, கனிமச் சட்டமும் கொள்கையும் கற்பிக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ சுரங்கக் கல்லூரியில் கனிமப் பொருளியலுக்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் படிப்புக்கு எடுத்தால் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, கைச்செலவுக்கும் தருவார்கள்.

ஆனால் இந்த வழியின் வாசலில் கணிதம் நிற்கிறது. தீர்ந்துபோகும் வளம் ஒன்றை எந்த வேகத்தில் தோண்டுவது என்று ஹொட்டலிங் 1931 இல் எழுதியதே கணிதமாகத்தான். வளத்தால் வரும் உபரி வருமானம் (பொருளியலில் 'வாடகை' என்பார்கள்) முழுவதையும் வேறு மூலதனமாக மாற்றினால் பேரப்பிள்ளைக்கும் அதே வாழ்வு நிலைக்கும் என்று ஹார்ட்விக் 1977 இல் காட்டியதும் அப்படித்தான். ஏ.எல். கலைப்பிரிவில் தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டாவது தனியாகக் கணிதம் இருந்து படிக்காமல் அந்த வாசல் திறக்காது. எனக்குத் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் முயன்று பார்த்தேன், மூன்றாவது அத்தியாயத்தில் கையை விட்டேன்.

கலாநிதி முடித்தால் சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர் நிகழ்ச்சித் திட்டம் போன்ற கதவுகள் தெரியும். அவற்றுக்கு வயதெல்லை உண்டு. இங்கே வெற்றிடம் விளம்பரமாகி, நேர்முகம் நடந்து, கடிதம் வந்து, கற்கை விடுமுறை கிடைத்து, ஐந்தாறு ஆண்டு படித்து முடிக்கும்போது அந்த வயது போய்விடும். படித்து வந்தால், திரும்பி வந்து வேலை செய்வேன் என்று கையெழுத்திட்ட பொண்டுக்குக் கட்டுப்பட்டு முதலாம் வருடத்துக்குப் பேரினப் பொருளியல் அறிமுகம் படிப்பிக்கவேண்டும். படிப்பிக்கப் பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம். அவர்களுக்கு இந்த வழியைவிட நல்லது இல்லை.

இரண்டாவது, நேரே வெளிநாட்டு முதுமாணி, பிறகு ஒப்பந்த வேலை. இளம் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் கனவு. 1963 இலேயே இலண்டனில் ஓ.டி.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது: முதுமாணி முடித்த இளம் பொருளியலாளரை இரண்டு ஆண்டு ஏதாவது ஒரு ஏழை நாட்டின் அமைச்சில், அந்த நாட்டு அரச உத்தியோகத்தராகவே அமர்த்துவது. இந்தத் துறைப் பெரியவர்கள் பலர் அப்படி ஒரு மேசையில் இருந்து தொடங்கியவர்கள்தான். நல்ல ஏற்பாடு.

சிக்கல் காசில் இருக்கிறது. இப்படியான வேலைகள் எல்லாம் உதவி நாடுகளின் பணத்தில் ஓடுபவை. பிரித்தானியா 2021 இல் தன் உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 வீதத்திலிருந்து 0.5 ஆக வெட்டியது; 2027 இல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எயிட் 2025 நடுப்பகுதியோடு மூடப்பட்டது. உதவிப் பணமும் எண்ணெய் மாதிரித்தான்: இருக்கும்போது எல்லாரும் வேலைக்கு எடுப்பார்கள், விழும்போது கடைசியாக வந்தவர் முதலில் போவார். என்னோடு வேலை செய்தவர்களில் நால்வர் இப்போது வேலை தேடுகிறார்கள். நால்வரும் என்னைவிடத் திறமானவர்கள்.

புலமைப்பரிசில் பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானிய அரசின் செவனிங் எடுப்போம் என்கிறார்கள். அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறார்கள், முடிந்ததும் இரண்டு ஆண்டு நாட்டுக்குத் திரும்பி இருக்கவேண்டும். ஆகவே 'நேரே' என்பது நேரே இல்லை. எப்படியும் இங்கே ஒரு வேலை வேண்டும். புலமைப்பரிசில் இல்லாமல் வீட்டு உறுதியை வங்கியில் வைத்துப் போவதைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். அக்கா கேட்டால் என்னைக் குசினிக்குள்ளும் விடமாட்டா.

மூன்றாவது, நான் போன வழி: முதலில் இங்கேயே அரசின் கணக்குக்கு முன்னால் குந்துவது. திட்டமிடல் சேவை, உள்நாட்டு இறைவரிச் சேவை, மத்திய வங்கி. மூன்றும் போட்டிச் சோதனை, மூன்றிலும் பிறகு படிக்க அனுப்புவார்கள். நான் ஒன்பது ஆண்டு திட்டமிடலில் இருந்தேன். அதில் பாதி மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த பழைய கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில். 1959 இல் ஒல்லாந்தில் எரிவாயு கண்டபிறகு ஏற்றுமதிக் காசு வந்து நாணயம் உயர்ந்து மற்றத் தொழில்கள் நொடித்ததை 'ஒல்லாந்து நோய்' என்கிறார்கள். அதை நான் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்துகொண்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன்.

அந்த ஒன்பது ஆண்டில் என்ன பழகினேன் என்று அப்போது தெரியவில்லை. திறைசேரிக் காசு நவம்பரில் வரும். டிசம்பர் 31க்குள் முடிக்காவிட்டால் திரும்பிப் போகும். ஆகவே மழைக்குள் வீதி போடுவார்கள். மாரி முடியும்போது வீதி இருக்காது. பிறகு மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நிதி அமைச்சில் இரண்டு ஆண்டு இருந்தபோது, எண்ணெய்ப் பங்குக் காசு வருட முடிவில் வந்து குவிந்ததும் அதே அவசரம், அதே கொந்தராத்துக்காரர் முகம். கூட இருந்த இலண்டன் பிள்ளைக்கு அது ஆராய்ச்சிக் கேள்வி. எனக்கு அது திங்கட்கிழமை.

ஒலுவில் துறைமுகம் இன்னொன்று. டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்தார்கள். துறைமுக வாயை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் விழுந்தன. அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பக்கம் போனால் இப்போதும் அந்தக் கோபத்தைக் கேட்கலாம். முதலீடு ஒருமுறை, மணல் அள்ளும் செலவு வருடாவருடம். இந்த இரண்டாவது நிரலை யார் போட்டது என்பதுதான் கேள்வி. வளநாடுகளின் பெரிய பிழையே இதுதான். விலை ஏறும் ஆண்டில் ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டுவார்கள், விலை இறங்கும் ஆண்டில் தாதிக்குச் சம்பளம் இருக்காது. ஒலுவிலைக் கண்ணால் பார்த்தவருக்கு மீண்டெழும் செலவினம் என்றால் என்னவென்று வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இந்த மூன்று சேவைக்குள்ளும் தெரிவு இருக்கிறது. மத்திய வங்கிதான் பேரும் சம்பளமும் கூடியது, போட்டியும் அப்படியே. 1974 இல் அங்கே சேர்ந்த இந்திரஜித் குமாரசுவாமி 1990 இலிருந்து 2008 வரை பொதுநலவாயச் செயலகத்தில் இருந்துவிட்டு, 2016 இல் அதே வங்கிக்கு ஆளுநராக வந்தார். அவருக்கு முன்னால் காமனி கொரயா. திட்டமிடலிலும் மத்திய வங்கியிலும் இருந்து புறப்பட்டு, 1974 முதல் 1984 வரை ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக இருந்தவர். கோப்பியும் கொக்கோவும் செம்பும் தகரமும் விற்றுப் பிழைக்கும் நாடுகளுக்கு விலை திடீரென்று விழாமல் ஒரு பொது நிதியம் வைக்கவேண்டும் என்று 1976 இல் நைரோபியில் உலகத்தை இணங்கவைத்தவர். இன்று அந்த நிதியம் அன்று எண்ணிய அளவுக்கு வளரவில்லை. ஆனாலும் தேயிலை விற்கிற ஒரு நாட்டின் ஆள் என்பதால்தான் அந்தக் கவலை அவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் கேம்பிரிட்ஜ் போன கொழும்புப் பிள்ளைகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஏணி அதைவிட இரண்டு படி கட்டை.

மருமகளுக்கு நான் சொல்வது இறைவரி. ஊரில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். இன்லண்ட் ரெவினியு என்றால் கடைக்காரருக்குக் கடிதம் அனுப்பும் இடம் என்றுதான் நினைப்பு. ஆனால் கயானாவின் செலவுப் பட்டியலுக்கு வேண்டியது யார்? கணக்காய்வு செய்யத் தெரிந்த பொருளியலாளர். சுரங்கக் கம்பெனி தன் சொந்தத் தங்கைக் கம்பெனிக்கே குறைந்த விலைக்குக் கனிமத்தை விற்று, இலாபத்தை வரி குறைந்த நாட்டில் காட்டுவது இந்தத் துறையின் நித்திய தலையிடி. 2015 இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.ஈ.சி.டி.யும் சேர்ந்து 'எல்லையற்ற வரிப் பரிசோதகர்கள்' என்ற ஒன்றைத் தொடங்கின: அனுபவமுள்ள வரி உத்தியோகத்தரை இன்னொரு நாட்டின் உண்மையான கோப்புக்கு முன்னாலேயே உட்காரவைப்பது. அங்கே எழுதிய கட்டுரைகளை யாரும் எண்ணுவதில்லை. எத்தனை கோப்பு முடித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

சும்மா சொல்லவில்லை, குறைகளும் உண்டு. முதல் நியமனம் எங்கே விழும் என்று தெரியாது. மாகாணம் தாண்டியும் போகலாம். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். கற்கை விடுமுறைக் கடிதம் ஒன்றுக்காக நான் கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குப் பதினொரு தரம் ஏறி இறங்கினேன்; பதினோராம் தரம் கோப்பு தொலைந்துவிட்டது என்றார்கள். முப்பத்தைந்தில்தான் வெளிக்கிட்டேன். பத்து ஆண்டு பிந்தினேன் என்று சிலவேளை தோன்றும்.

இன்னொன்றும் எங்களிடம் இருக்கிறது, யாரும் கேட்டு வாங்காத சொத்து. 2020 நவம்பரில் செம்பு நாடான சம்பியா கடனைக் கட்டமுடியாமல் நின்றது. 2022 ஏப்ரலில் நாங்கள். அதே ஆண்டு டிசம்பரில் தங்கமும் எண்ணெயும் உள்ள கானா. அந்த ஆண்டில் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றுகொண்டே கடன் மறுசீரமைப்பு என்றால் என்னவென்று பார்த்த அரச உத்தியோகத்தர், அக்ராவிலோ லுசாக்காவிலோ போய் உட்கார்ந்தால் புதிதாக ஒன்றும் கற்கவேண்டியதில்லை.

அக்காவின் பயம் வேறு. "பொம்புளப் புள்ளய ஆபிரிக்காவுக்குத் தனிய அனுப்புறதா மனே?" என்றா. நான் ஒன்றும் பேசவில்லை. ரியாத்துக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் பெண்களை ஆண்டாண்டாக அனுப்பிய ஊர் இது. எண்ணெய் நாட்டில் பாத்திரம் கழுவப் போகலாம், அந்த நாட்டின் கணக்கைப் பார்க்கப் போகக்கூடாது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பெண்கள் அனுப்பிய காசில்தான் ஊரில் காணி விலையும் மேசன் கூலியும் ஏறியது. அதுவும் ஒல்லாந்து நோயின் ஒரு சின்னத் தங்கைதான். ஆனால் அக்காவின் கேள்வியைத் தட்டிவிடவும் முடியாது. இறைவரி வழியில் முதல் ஏழெட்டு ஆண்டு நாட்டுக்குள்தான். கூரையும் முடியும், கலியாணமும் நடக்கும், பிறகு போவதும் மாதக்கணக்கில் போய் வருவதாக இருக்கும். மூன்று வழியில் இதுதான் அந்த வீட்டோடு ஒத்துப்போகிறது.

பிரெஞ்சு இப்போதே தொடங்கு என்றும் சொன்னேன். கொங்கோ, கினி, நைஜர், கமரூன் எல்லாம் பிரெஞ்சில் கோப்பு எழுதும் நாடுகள். உலகக் கோபால்ட்டில் பெரும்பங்கு கொங்கோவில் இருந்து வருகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. பிரெஞ்சும் தெரிந்த இலங்கையரை நான் அங்கே ஒருவரைத்தான் கண்டேன்.

கணிதத்தையே காதலிக்கிற பிள்ளை என்றால் இதையெல்லாம் மடித்து வைத்துவிட்டுக் கம்பஸ் வழியில் போ என்றுதான் சொல்லியிருப்பேன். மருமகள் அப்படியில்லை. அவளுக்குப் பிடித்த கேள்வி 'காசு எங்க போச்சு?' என்பதுதான். அதைச் சோதிக்க ஒரு வேலை கொடுத்தேன். ஆபிரிக்காவை விடு, எங்கள் ஆற்று மணலை எடு. மணலைக் கியூப் கணக்கில் விற்பார்கள்; ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி அகழப் பெர்மிட் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். ரோயல்டி ஒரு பக்கம் போகிறது. டிப்பர் ஓடி உடைந்த வீதியைத் திருத்தும் செலவு இன்னொரு பக்கத்துக்கு. இடிந்த ஆற்றங்கரை வயல்காரருக்கு. வாகரையிலும் திருக்கோவிலிலும் இல்மனைட் என்ற கனிம மணலை அகழ்வதற்கு எதிராகச் சனம் ஏன் வீதிக்கு இறங்கினது என்பதும் இதே மூன்று நிரலுக்குள் வரும். மூன்று நிரல் போட்டு, பத்து ஆண்டுக்கு ஓட்டிப் பார்.

நாலு நாளில் தாளை அனுப்பிவிட்டாள். படுவான்கரையில் டிப்பர் வைத்திருக்கும் ஒரு உறவினரை இருத்தி வைத்து விலையெல்லாம் கேட்டிருக்கிறாள். அவர் இவளை இறைவரிக்காரி என்று நினைத்துப் பயந்து பாதி விலையைத்தான் சொல்லியிருக்கிறார். அதையும் குறிப்பில் எழுதி, உண்மை விலைக்கு இன்னொரு தாள் போட்டிருந்தாள். வீதித் திருத்தச் செலவை மட்டும் முதல் ஆண்டில் ஒருமுறை போட்டுவிட்டு விட்டிருக்கிறாள். ஒலுவில் பிழை. வெள்ளிக்கிழமை கல்லடிக்குப் போகும்போது காட்டவேண்டும். சோதனைக்கான வர்த்தமானி வந்ததா என்றும் பார்க்கவேண்டும்.